ஜான் ஜே. மெக்ளாய்: வக்கீல், அதிகாரி, மறுபடியும் வக்கீல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மெக்ளாய் யார்?

1895 மார்ச் 31இல் பிலடெல்பியாவில் பிறந்து, 1989 மார்ச் 11இல் கனெக்டிகட் மாநிலம் ஸ்டாம்ஃபோர்டில் இறந்த அமெரிக்கக் கார்ப்பரேட் வக்கீல். இரண்டாம் உலகப் போரில் போர்த்துறையின் உதவிச் செயலர். பிறகு உலக வங்கித் தலைவர், மேற்கு ஜெர்மனிக்கான அமெரிக்க உயர் ஆணையர், சேஸ் வங்கித் தலைவர், ஃபோர்டு அறக்கட்டளைத் தலைவர், கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தின் உறுப்பினர், பெரிய எண்ணெய் நிறுவனங்களின் வக்கீல். எந்தத் தேர்தலிலும் நின்றவர் அல்ல.

வக்கீலிடம் வழக்கை ஒப்படைப்பவரைத் தமிழில் கட்சிக்காரர் என்கிறோம். மெக்ளாய் வகித்த எந்தப் பதவியை எடுத்துக்கொண்டாலும், அப்போது அவருடைய கட்சிக்காரர் யார் என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அவருடைய திறமையும் அதில்தான் இருக்கிறது, செய்த பெரிய தவறுகளும் அதில்தான் இருக்கின்றன.

செல்வாக்கு பிறப்போடு வந்ததா?

இல்லை. தந்தை பென் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் தணிக்கையாளர். மகனுக்கு ஆறு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டார். தாய் வசதியான வீட்டுப் பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். மகன் பெடி பள்ளியிலும், 1916 வரை ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலும் படித்துவிட்டு ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். முதல் உலகப் போர் வந்தபோது படிப்பை நிறுத்திவிட்டு பீரங்கிப் படையில் கேப்டனாகப் பிரான்சுக்குப் போனார். திரும்பி வந்து 1921இல் பட்டம் பெற்றார்.

செல்வாக்கின் ஒரு பகுதி திருமணத்தில் வந்தது. 1930இல் எலன் ஜின்சரை மணந்தார். எலனின் சகோதரியை மணந்திருந்த லூயிஸ் டக்ளஸ், ரூஸ்வெல்ட்டின் பட்ஜெட் இயக்குநராகவும் பின்னர் லண்டன் தூதராகவும் இருந்தவர். மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமர் கொன்ராட் அடனாவரின் இரண்டாவது மனைவியும் ஜின்சர் குடும்பத்துப் பெண்தான், எலனுக்குத் தூரத்து உறவு. இருபது ஆண்டுகள் கழித்து இந்த உறவு எவ்வளவு வசதியாக அமையும் என்று திருமணத்தன்று யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவர் வேலை பார்த்த நிறுவனங்கள் எப்படிப்பட்டவை?

முதலில் நியூயார்க் சட்ட நிறுவனமான கேட்வாலடர். 1924இல் கிராவத்துக்கு மாறி, 1929இல் பங்குதாரரானார். கிராவத்தின் நடைமுறை பின்னாளில் நாடு முழுக்கப் பெரிய சட்ட நிறுவனங்களுக்கு முன்மாதிரியானது. சட்டப் பள்ளியின் முதல் வரிசை மாணவர்களைச் சம்பளத்துக்கு எடுப்பார்கள். பெரிய விவகாரத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். சில ஆண்டுகளில் பங்குதாரராக்குவார்கள், இல்லையென்றால் வேறிடம் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். இளைஞர்கள் தமக்கென்று தனியாகக் கட்சிக்காரர் வைத்துக்கொள்ளக் கூடாது. வேறு நிறுவனத்தில் தொடங்கிய ஒருவர் அங்கே பங்குதாரராவது அபூர்வம்.

நீதிமன்றத்தில் நின்று வாதாடுவது இந்த வேலையில் கொஞ்சம்தான். கடன் பத்திர ஒப்பந்தம் எழுதுவது, நொடித்துப்போன ரயில் நிறுவனத்தைச் சீரமைப்பது, யாருடைய கையெழுத்து எந்த வரிசையில் வர வேண்டும் என்று முடிவு செய்வது ஆகியவைதான் அன்றாடம். நான்கு தரப்பை ஒரு மேசையில் உட்காரவைத்து, எல்லோரும் சகித்துக்கொள்ளக்கூடிய ஒரு வாசகத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அது.

பிளாக் டாம் வழக்கு என்ன? அது ஏன் திருப்புமுனை?

1916 ஜூலை 30 அதிகாலையில், நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய ஜெர்சி சிட்டியின் பிளாக் டாம் சரக்குத் துறையில், நேச நாடுகளுக்கு அனுப்ப வைத்திருந்த வெடிபொருள்கள் வெடித்தன. மன்ஹாட்டனில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. சுதந்திர தேவி சிலையும் சேதமடைந்தது. ஜெர்மன் ஒற்றர்களின் நாசவேலை என்று சொல்லி, சரக்குக்குச் சொந்தக்காரர்கள் அமெரிக்க-ஜெர்மன் இழப்பீட்டு ஆணையத்தில் இழப்பீடு கேட்டார்கள். பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத்துக்காக மெக்ளாய் இதில் இறங்கினார்.

1930 அக்டோபரில் ஆணையம் கோரிக்கையைத் தள்ளியது. நாசவேலைக்கு ஜெர்மனி அனுமதி கொடுத்தது உண்மை, ஆனால் இந்த வெடிப்பை அவர்கள்தான் செய்தார்கள் என்பதற்குச் சான்று போதாது என்பது முடிவு. அதன் பிறகு ஒரு பழைய மாத இதழின் 1917 ஜனவரிப் பிரதி கிடைத்தது. அதன் பக்கங்களில் எலுமிச்சைச் சாற்றால் எழுதிய ரகசியச் செய்தி இருந்தது. மெக்சிகோவிலிருந்த ஒற்றர் பால்டிமோரில் இருந்த கூட்டாளிக்கு எழுதியது. எழுத்து உண்மையில் 1917இல் எழுதப்பட்டதா, பிறகு புனையப்பட்டதா என்று இரு தரப்பு நிபுணர்களும் மோதினார்கள். 1932இல் நடுவர் அதையும் ஏற்கவில்லை.

இரண்டு முறை தோற்ற வழக்கை எப்படித் திறப்பது? எதிர்த்தரப்பு பொய்ச் சாட்சியம் கொடுத்து ஆணையத்தை ஏமாற்றிவிட்டது என்று காட்டுவதுதான் மிச்சமிருந்த வழி. அதற்குப் பழைய சாட்சிகளின் ஒவ்வொரு வாக்குமூலத்தையும் தேதி, கப்பல் பயணம், வங்கிக் கணக்கு என்று ஒத்துப்பார்க்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் அந்த வேலை நடந்தது. 1939 மார்ச்சில் ஜெர்மன் உறுப்பினர் விலகிக்கொண்டார். நடுவராயிருந்த அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் கோரிக்கைதாரர்களுக்குச் சாதகமாகத் தீர்த்தார். எல்லோருக்குமாகச் சுமார் 5 கோடி டாலர்.

பணத்தைவிடப் பெரிய பலன் வேறு. ஜெர்மன் நாசவேலையைப் பற்றி மெக்ளாய் அளவுக்குத் தெரிந்தவர்கள் அன்று மிகச் சிலர். 1940இல் போர்த்துறைச் செயலராக வந்த ஹென்றி ஸ்டிம்சன் அவரை ஆலோசகராக அழைத்தார். 1941 ஏப்ரலில் உதவிச் செயலர் பதவி.

ஜப்பானிய அமெரிக்கர்களைப் போர்க்காலத்தில் முகாம்களில் அடைத்ததில் அவர் பங்கு என்ன?

பெரியது. மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 பேரை, அதில் மூன்றில் இரு பங்கு அமெரிக்கக் குடிமக்களை, அப்புறப்படுத்த வழிசெய்த நிர்வாக ஆணை 9066இல் 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அட்டர்னி ஜெனரல் பிடில் தரப்பு எதிர்த்தது, போர்த்துறை வற்புறுத்தியது. போர்த்துறையில் இதைக் கவனித்தவர் மெக்ளாய்.

பலரும் இந்த ஆணையோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு நடந்ததுதான் வக்கீல்கள் கவனிக்க வேண்டியது. மேற்குக் கடற்கரைத் தளபதி டிவிட் 1943 ஏப்ரலில் இறுதி அறிக்கை கொடுத்தார். விசுவாசமானவர்களையும் அல்லாதவர்களையும் பிரித்தறியவே முடியாது என்பதுதான் காரணம், நேரமின்மை காரணமல்ல என்று அதில் எழுதியிருந்தார். அரசு நீதிமன்றத்தில் சொன்னதோ, தனித்தனியாக விசாரிக்க நேரமில்லை என்று. இரண்டும் ஒன்றையொன்று வெட்டின. மெக்ளாய் ஆட்சேபித்தார், வாசகம் மாற்றப்பட்டது, பழைய பிரதிகள் எரிக்கப்பட்டன. ஒரே ஒரு பிரதி தப்பி, 1982இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐக்கோ ஹெர்சிக்-யோஷினாகா கையில் கிடைத்தது. இந்த உத்தரவுகளை மீறியதற்காகப் போர்க்காலத்தில் தண்டிக்கப்பட்ட ஹிராபயாஷியின் வழக்கு மறுபடி திறக்கப்பட்டபோது அதுவே முக்கியச் சான்று. 1987இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரது தண்டனைகளை நீக்க உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 1983இல், அதேபோல் தண்டிக்கப்பட்ட கொரமாட்சுவின் தண்டனை ரத்தாகியிருந்தது.

கட்சிக்காரரின் கோப்பில் முரண்பாடு தென்பட்டால் வழக்குக்கு முன் சரிசெய்வது தனியார் வக்கீலுக்குக் கைவந்த பழக்கம். அரசு வக்கீலுக்கும் அதிகாரிக்கும் அந்தப் பழக்கம் குற்றத்தின் ஓரம்வரை போகும், ஏனென்றால் எதிரே நிற்பதும் அவருடைய குடிமக்கள்தான். ஜப்பானிய அமெரிக்கர்களைக் கொண்ட 442ஆம் படைப்பிரிவு அமைய அவர் ஆதரவளித்தார் என்பதும் உண்மை. 1981இல் நாடாளுமன்ற ஆணையத்தின் முன் வந்தபோது, அடைத்ததை நியாயப்படுத்தியே பேசினார். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் மன்னிப்பும் தரும் சட்டம் 1988இல் வந்தது. அதைப் பார்க்கும் அளவுக்கு அவர் வாழ்ந்தார்.

ஆஷ்விட்ஸ் மீது குண்டுவீச மறுத்தது அவர்தானா?

யூதர்களை நாஜிகள் கொன்றுகுவித்த அந்த முகாமைத் தாக்கும்படி வந்த கோரிக்கைகளுக்கான மறுப்புக் கடிதங்களில் கையெழுத்து அவருடையது. உலக யூத காங்கிரசுக்கு 1944 ஆகஸ்ட் 14இல் எழுதியதில் மூன்று காரணங்கள்: வேறு முனைகளுக்குத் தேவைப்படும் விமானங்களைத் திருப்ப வேண்டியிருக்கும், பலன் சந்தேகம், ஜெர்மானியர் பழிவாங்கலாம். ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, 127 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஆஷ்விட்ஸ் வட்டாரத்திலேயே இருந்த ஐஜி ஃபார்பன் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் தொழிற்சாலையைத் தாக்கின. எரிவாயு அறைகள் அங்கிருந்து ஐந்து மைலுக்குள் இருந்தன. விமானத் திருப்பம் என்ற வாதம் இதற்குப் பிறகு நிற்பது கடினம். முடிவு அவர் ஒருவருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வியை மேலே கொண்டுபோகாமல் கடிதத்தோடு முடித்துக்கொண்டார்.

உலக வங்கிப் பதவியை முதலில் மறுத்தாராமே?

ஆமாம். முதல் தலைவர் யூஜீன் மெயர் ஆறே மாதத்தில், 1946 டிசம்பரில் விலகிவிட்டார். நாடுகளின் பிரதிநிதிகளான நிர்வாக இயக்குநர்கள், கடன் யாருக்கு, எவ்வளவு என்பதையெல்லாம் தாங்களே நடத்தப் பார்த்தார்கள். தலைவருக்கு வேலையே இல்லை. மெக்ளாய் போரிலிருந்து திரும்பி மில்பேங்க் ட்வீட் சட்ட நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். நிறுவனப் பெயரிலேயே அவர் பெயரும் சேர்ந்தது. அவர் உடனே சரி சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுதுவதுபோல் நிபந்தனை வைத்தார்: அமெரிக்க நிர்வாக இயக்குநர் மாற வேண்டும், அந்த இடத்துக்கு யூஜீன் பிளாக் வர வேண்டும், ராபர்ட் கார்னர் துணைத் தலைவராக வேண்டும், கடன் முன்மொழிவு தலைவரிடமிருந்து மட்டுமே போக வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு, 1947 மார்ச்சில் பொறுப்பேற்றார். பெரிய பதவிக்கு அழைப்பு வந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: நிபந்தனை வைக்கும் பலம் கையெழுத்துக்கு முதல் நாள்வரை மட்டும்.

அடுத்த சிக்கல் பணம். வங்கிக்குச் சொந்தப் பணம் குறைவு. வால் ஸ்ட்ரீட்டில் கடன் பத்திரம் விற்றாக வேண்டும். ஆனால் காப்பீட்டு நிறுவனங்களும் சேமிப்பு வங்கிகளும் எதை வாங்கலாம் என்பதை ஒவ்வொரு மாநிலச் சட்டமும் தனியாக வரையறுத்திருந்தது. சர்வதேச வங்கி ஒன்றின் பத்திரம் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைத் திருத்தவைக்க வேண்டியிருந்தது. 1947 மே 9இல் பிரான்சுக்கு முதல் கடன், 25 கோடி டாலர். அவர்கள் கேட்டதில் பாதி. ஜூலை 15இல் அதே அளவுக்கு முதல் பத்திர வெளியீடு: 10 ஆண்டுப் பத்திரம் 10 கோடிக்கு 2.25 சதவீதம், 25 ஆண்டுப் பத்திரம் 15 கோடிக்கு 3 சதவீதம். விற்பனைக்கு இருந்ததைவிட அதிகமாகக் கேட்பு வந்தது.

இங்கே கட்சிக்காரர் யார்? கடன் வாங்கும் நாடுகளா, பத்திரம் வாங்கும் முதலீட்டாளர்களா? மெக்ளாய் தயக்கமில்லாமல் முதலீட்டாளர்களைத் தேர்ந்தார். வங்கியின் கடன் மதிப்பு அதில்தான் கட்டப்பட்டது; ஏழை நாடுகளின் குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஜெர்மனியில் க்ரூப்பை விடுவித்தது ஏன்?

1949 முதல் 1952 வரை உயர் ஆணையர். நாஜிப் போர்க்குற்றங்களுக்காக நியூரம்பர்க்கில் அமெரிக்க நீதிமன்றங்கள் தண்டித்தவர்களின் கருணை மனுக்கள் அவர் மேசைக்கு வந்தன. நியூயார்க் நீதிபதி டேவிட் பெக் தலைமையில் ஒரு குழு அமைத்தார். குழு பிரதிவாதி வக்கீல்களைக் கேட்டது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்களைக் கேட்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு மறுபரிசீலனை என்று பெயர் வைத்தால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.

1951 ஜனவரி 31 அன்று முடிவு வந்தது. அடிமை உழைப்புக் குற்றத்துக்காக 12 ஆண்டு தண்டனை பெற்ற ஆயுதத் தொழிலதிபர் ஆல்ஃபிரீட் க்ரூப் சில நாளில் வெளியே வந்தார். பறிமுதல் செய்த சொத்தும் திரும்பியது. வேறு எந்தக் கைதிக்கும் சொத்துப் பறிமுதல் இல்லை என்பது மெக்ளாய் சொன்ன காரணம். சட்டப்படி அதில் பொருள் உண்டு. ஆனால் கொரியப் போர் தொடங்கி ஏழு மாதமாகியிருந்தது, மேற்கு ஜெர்மனியை ஆயுதமேந்தவைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜெர்மனியில் வந்த கொலை மிரட்டல்களையும் மீறி ஐந்து மரண தண்டனைகளை அவர் உறுதிசெய்தார். அவர்களும், ராணுவத் தரப்பு மரண தண்டனையை உறுதிசெய்த வேறு இருவரும் 1951 ஜூன் 7இல் லாண்ட்ஸ்பெர்க் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

சேஸ் மன்ஹாட்டன் இணைப்பில் சின்ன வங்கி பெரியதை விழுங்கியது எப்படி?

பேங்க் ஆஃப் மன்ஹாட்டனின் 1799ஆம் ஆண்டுச் சாசனப்படி, அந்த வங்கி இன்னொன்றில் கரைய வேண்டுமானால் பங்குதாரர் அனைவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் போச்சு. முதல் முயற்சி அதில்தான் கவிழ்ந்தது. மெக்ளாய் சேஸ் தலைவராக இருந்த 1955இல் திசையைத் திருப்பினார்கள்: பெரிய சேஸ் தன் தேசிய வங்கி உரிமத்தைத் துறந்து, சின்ன மன்ஹாட்டனின் சாசனத்துக்குள் போனது. கார்ப்பரேட் சட்டம் படிப்பவர்களுக்கு அழகான பாடம்.

அவர் எந்த அரசியல் கட்சி?

குடியரசுக் கட்சி. ஆனால் ரூஸ்வெல்ட், ட்ரூமன், கென்னடி, ஜான்சன் ஆகிய ஜனநாயகக் கட்சி அதிபர்கள்தான் அவரை அதிகம் பயன்படுத்தினார்கள். எதிர்க்கட்சியின் பெயர் பெற்ற வக்கீல் ஒருவர் கையெழுத்திட்டால் முடிவுக்கு இரு கட்சி ஆதரவு கிடைத்த தோற்றம் வரும்.

வாரன் ஆணையத்தில் என்ன செய்தார்?

ஒரே குண்டு கென்னடியையும் ஆளுநர் கானலியையும் துளைத்ததா என்பதில் உறுப்பினர்கள் பிரிந்தார்கள். சான்றை எந்த அடைமொழியால் குறிப்பது என்பதிலேயே சண்டை. ஒருவர் மிக வலுவான சொல்லைக் கேட்டார், இன்னொருவர் மிக மெலிதானதை. நடுவில் நிற்கும், ‘ஏற்கத் தூண்டுவது’ என்ற பொருளுள்ள சொல்லை மெக்ளாய் எடுத்துக் கொடுத்தார். 1964 செப்டம்பரில் அறிக்கை ஒருமனதாக வெளியானது. கிராவத் மேசையில் கற்ற வித்தை.

எண்ணெய் நிறுவனங்களுக்கு அவர் உண்மையில் என்ன செய்துகொடுத்தார்?

போட்டியாளர்கள் சேர்ந்து விலை பேசினால் அமெரிக்க ஏகபோகத் தடைச் சட்டத்தில் சிக்குவார்கள். எதிரே எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் 1960இல் உருவாகியிருந்தது. இதற்காக, கென்னடி காலம் தொடங்கி ஒவ்வொரு அட்டர்னி ஜெனரலையும் பார்த்து, ஒருநாள் நிறுவனங்கள் சேர்ந்து பேச வேண்டிவரும் என்று மெக்ளாய் முன்கூட்டியே சொல்லிவைத்தார். பத்தாண்டு கழித்து, 1971 ஜனவரியில், அந்த நாள் வந்தது. கூட்டு நிபந்தனை அவருடைய அலுவலகத்தில் எழுதப்பட்டது. நீதித்துறை, இப்போதைக்கு வழக்குத் தொடரும் எண்ணமில்லை என்று கடிதம் தந்தது. அது விலக்கு அல்ல, எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்ற உரிமையோடு வரும் வாக்கு. இந்த வித்தியாசத்தை மறப்பவர்கள்தான் பின்னால் சிக்குவார்கள்.

சட்டப் பக்கம் பிசகவில்லை, பேச்சுவார்த்தை பிசகியது. எல்லா நாடுகளோடும் ஒரே ஒப்பந்தம் என்பதுதான் திட்டம். வளைகுடா நாடுகள் தனி, லிபியா தனி என்று அது பிளந்தது. பிப்ரவரி 14இல் டெஹ்ரான், ஏப்ரலில் திரிப்போலி. பிளந்ததும் ஒன்றின் உயர்வைக் காட்டி மற்றது ஏற்றியது. 1973 அக்டோபரில் ஒபெக் வளைகுடா நாடுகள் விலையைத் தாமே நிர்ணயித்தபோது பேச ஒன்றுமே மிஞ்சவில்லை.

1975இல் கல்ஃப் ஆயில் நிறுவனத்தின் ரகசிய அரசியல் நிதியை விசாரித்த குழுவுக்கும் அவரே தலைமை. 1.2 கோடி டாலருக்கு மேல், பகாமாஸ் துணை நிறுவனம் வழியாகப் போனதை அறிக்கை அம்பலமாக்கியது. அடுத்த மாதம் தலைவர் டார்சி பதவி இழந்தார். எண்ணெய்ப் பேச்சில் தாம் பிரதிநிதியாக நின்ற நிறுவனங்களில் ஒன்றையே இப்படித் தோலுரித்தார் என்பது அவருக்குப் பெருமை. அவரைக் குழுத் தலைவராக ஏற்றிருக்கலாமா என்பது வேறு விஷயம்.

இன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இப்படி ஒரு வாழ்க்கை முடியுமா?

முடியும், ஆனால் காகித வேலை அதிகம். சட்ட நிறுவனப் பங்குதாரர் ஒருவர் முழுநேர உயர் பதவிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம்.

செனட் உறுதிசெய்யும் பதவியென்றால் படிவம் 278இ-இல் சொத்து, வருமானம், கடன், பெரிய கட்சிக்காரர்கள் எல்லாம் பொதுப் பதிவாகும். பங்குதாரர் நிலையை விட வேண்டும். அரசின் முன் நிறுவனம் செய்யும் வேலையின் கட்டணத்தில், பதவியில் இருக்கும்போது பங்கு வாங்கக் கூடாது; ஆகவே வர வேண்டிய பணத்தை விலகும்போதே நிலையான தொகையாகக் கணக்கிட்டுக்கொள்வார்கள். பலர் சறுக்குவது இங்கே, வழக்கு முடிந்தால் கிடைக்கும் பங்கை ‘பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவிடுவதால். முரண்படும் பங்குகளை விற்க உத்தரவானால், விற்பதற்கு முன்பே சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கினால் மூலதன ஆதாய வரியைத் தள்ளிப்போடலாம், விற்றபின் கேட்டால் கிடைக்காது. பழைய கட்சிக்காரர் தொடர்பான குறிப்பிட்ட விவகாரங்களிலிருந்து பொதுவாக ஓராண்டு ஒதுங்கியிருக்க வேண்டும்.

வெளியே வந்த பிறகு, நேரடியாகவும் கணிசமாகவும் கையாண்ட குறிப்பிட்ட விவகாரத்தில் வேறு யாருக்காகவும் அரசை அணுக வாழ்நாள் தடை. தம் பொறுப்பின் கீழ் இருந்த விவகாரத்துக்கு இரண்டு ஆண்டு. மூத்த அதிகாரிகள் பழைய துறையை அணுக ஓராண்டு தடை, மிக உயர்ந்த பதவியினருக்கு இரண்டு. ஆனால் திரைக்குப் பின்னால் ஆலோசனை சொல்வதைப் பெரும்பாலும் இவை தொடுவதில்லை. ஆண்டுக்கு 130 நாளுக்கு மிகாமல் பணியாற்றும் ‘சிறப்பு அரசுப் பணியாளர்’ என்ற வகையை 1962ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கியது. அதற்குத் தளர்வான விதிகள். மெக்ளாய் போன்ற அவ்வப்போது வந்துபோகும் ஆலோசகர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

மூல ஆவணங்களைப் பார்க்க எங்கே போவது?

சொந்தக் கோப்புகள் மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் காப்பகத்தில். போர்த்துறைக் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவுத் தொகுதி 107இல், ஜெர்மனி உயர் ஆணையர் கோப்புகள் தொகுதி 466இல். ஒரு விவகாரத்துக்கு இரண்டு இடத்தையும் ஒத்துப்பாருங்கள். முதலில் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டால், எந்த வரைவு எப்போது மாறியது என்பது தானாகத் தெரியவரும்.